அருளப்பன் சொன்ன பதில்

ஒரு மனிதனின் இதயத்தைப் பற்றி நான் பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அவனை அருகில் உட்கார வைத்துக்கொண்டே சொன்னேன்.

ஒரே ஒரு சொல்தான். ‘நைன்.’ ஜெர்மன் மொழியில் ‘இல்லை’ என்று அர்த்தம். அதைச் சொல்லி நான்கு வருடங்கள் ஆகின்றன... இன்னும் அது என் வாய்க்குள்ளேயே கிடக்கிறது.

பாவம், ஏதோ அறியாமல் செய்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கவேண்டாம். என் குணம் எனக்குத் தெரியும். வெட்கப்படுவதற்கு முன்னால் காரணம் தேடுகிறவள் நான். இதை எழுதும்போதும் தேடிக்கொண்டுதான் இருப்பேன். நீங்கள்தான் கவனமாக இருக்கவேண்டும்!

டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடத் தூரத்தில், ரைன் ஆற்றங்கரையில் ஒரு சிறிய நகரம். அங்கே இரண்டாம் பிரிவில் ஆடும் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகம் ஒன்று இருக்கிறது. அதில் வீரர்களின் அலுவல்களைக் கவனிப்பது என் வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு வீடு பிடிக்கவேண்டும், விசாவுக்குக் கடிதம் எழுதவேண்டும், நகரசபையில் பதியவேண்டும், பல்வலி என்றால் வைத்தியரைப் பார்க்க டெர்மின், அதாவது நேரம் எடுத்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நடுவரின் விசிலைத் தவிர மற்ற எல்லாச் சத்தமும் என் மேசைக்குத்தான் வரும்.

நானும் பதினாறு வயதுவரை ஆடியவள்தான். ஐந்தடி இரண்டங்குலம்! பந்தைவிடப் பெஞ்சைத்தான் அதிகம் தொட்டிருக்கிறேன். அரங்கில் என் அப்பாவும் அம்மாவும் மட்டும் தமிழர்களாக ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள், எப்போது கைதட்டவேண்டும் என்று தெரியாமல். அந்த மூலை எனக்கு மறக்கவேயில்லை. அதனால்தான், உயரமான ஆட்டக்காரன் ஒருவன் வேண்டும் என்று கழகம் தேடிய வருடம், முகவர்கள் அனுப்பிய பெயர்களில் ஒரு தமிழ்ப் பெயரைக் கண்டதும் என் கை அங்கேயே நின்றுவிட்டது.

அருளப்பன். இருபத்துமூன்று வயது. ஆறடி ஒன்பது அங்குலம். திண்டுக்கல் பக்கம்.

“இந்தியாவில் கூடைப்பந்தா?” என்று பயிற்சியாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. இருபது காணொளிகளைத் தேடி எடுத்து அவர் முன்னால் போட்டேன். கூடைக்குக் கீழே அவன் ஒரு காலை ஊன்றித் திரும்பும் விதத்தைப் பார்த்த பிறகு அவர் சிரிக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ நானே பந்தைப் போட்டதுபோல!

ஊரில் அவனுக்கு ஒரு வங்கியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை இருந்தது. காலையில் கையெழுத்து, மாலையில் பயிற்சி, அறுபது வயதுவரை சம்பளம். அதை விட்டுவிட்டு வந்தான். வந்த முதல் நாள், அவனுக்காக நான் பார்த்து வைத்திருந்த கட்டிலுக்கு வெளியே அவன் கால்கள் நீட்டிக்கொண்டு நின்றன. இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு நீளப் பெட்டியைக் கட்டிலின் முனையில் வைத்து, அதன்மேல் மெத்தைத் துண்டு போட்டுக்கொடுத்தேன்.

“வேலைய விட்டது எங்கம்மாவுக்கே இன்னும் தெரியாதுக்கா. லீவுல வந்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருக்கு,” என்றான்.

“ஏன் தம்பி சொல்லேல்லை?”

“இங்க செட் ஆயிட்டேன்னா சொல்லிக்கலாம்னுதான்.”

அவனும் பாதி உண்மைக்காரன்தான் என்று அப்போது எனக்கு ஒருவித நிம்மதி வந்தது. பார்த்தீர்களா? இப்போதும் ஒரு காரணம் தேடிவிட்டேன்.

ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. புதிய வீரர்களைப் பதிவதற்கு அந்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். எல்லாத் தாள்களும் முடிந்துவிட்டன, மருத்துவச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அருளப்பனுக்கு மைதானத்து ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். ‘ஸ்விட்ச்’, ‘ஸ்க்ரீன்’, ‘மை ஃபால்ட்’. ஆகவே மொழிபெயர்ப்பாளராக நான் அருகில் இருந்தேன்.

வைத்தியர் இதயத் துடிப்பின் கோடுகளைப் பார்த்தார். ஓர் இடத்தில் பேனாவை வைத்தார். விளையாட்டு வீரர்களுக்கு இப்படி இருப்பது வழமைதான், பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் ஒரு கேள்வி என்றார். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? அப்படியிருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன், அதற்கு டெர்மின் கிடைக்க ஆறு வாரமாவது செல்லும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

நான் கேள்வியை மட்டும் தமிழில் கேட்டேன். ஸ்கேனைப் பற்றிச் சொல்லவில்லை.

“எங்க அண்ணன் இருந்தான்க்கா. சேவியர். பத்தொம்பது வயசு. வாலிபால் பிராக்டிஸ் பண்ணிக்கிட்டிருந்தவன் அப்படியே கிரவுண்டுல உக்காந்தான், எந்திரிக்கல. வெயில் அடிச்சிருச்சுன்னு சொன்னாங்க.”

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் வைத்தியரைப் பார்த்தேன்.

“நைன்,” என்றேன்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், எப்படி அம்மா உனக்கு மனம் வந்தது என்று. மனம் வரவேண்டிய தேவையே இருக்கவில்லை! அதுதான் உண்மை. என் நாக்கு அதற்கு முன்பே பழகியிருந்தது.

எங்கள் குடும்பம் அகதியாக வந்தது. எனக்கு ஒன்பது வயதாகும்போதே எங்கள் கட்டடத்தில் இருந்த எல்லாத் தமிழருக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் வைத்தியரிடமும் போவேன். முதல் தடவை ஒருவர் சொன்னதை எல்லாம் அப்படியே சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் மேல்மாடி மாமா என்னை நிறுத்தி, “பிள்ளை, எல்லாத்தையும் கொட்டாதை. கதவு திறக்கிற அளவுக்குச் சொன்னால் காணும்,” என்றார்.

அதன்பிறகு நான் தேர்ந்துவிட்டேன். ஒரு அக்காவின் மூன்று வருட முதுகுவலியை மூன்று வாரம் ஆக்கினேன். ஒருவர் அலுவலரைத் திட்டியதை நன்றியாக மாற்றினேன். எந்த வார்த்தை சொன்னால் அந்த அலுவலரின் பேனா நிற்கும், எதைச் சொன்னால் ஓடும் என்று அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். வீட்டுக்கு வந்ததும் ‘வாய்க்காரி, கெட்டிக்காரி’ என்று எல்லோரும் சொக்லேட் தருவார்கள். எங்களில் பலர் அப்படித்தான் இந்த நாட்டில் நிலைத்தோம். அதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். அந்தக் கதவுகள் திறக்காமல் இருந்திருந்தால் நான் இன்று இங்கே இருக்கமாட்டேன்.

ஆனால்... அந்த வைத்தியர் கதவை மூடிக்கொண்டு நின்ற மனிதர் இல்லையே! அவர் அருளப்பனுக்காக அல்லவா கேட்டார்? பேனா நிற்கப்போகிறது என்று மட்டும்தான் நான் கண்டேன். அது ஏன் நிற்கிறது என்று யோசிக்கவேயில்லை.

யோசிக்கவில்லையா? இல்லை, யோசித்தேன். வெள்ளிக்கிழமையைப் பற்றி யோசித்தேன். பயிற்சியாளரின் சிரிப்பைப் பற்றி யோசித்தேன். நான் பொறுக்கியெடுத்த ஆள் ஆறு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தால் என்னை என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். ஒரு விநாடிக்குள் இவ்வளவையும் யோசிக்க முடிந்தவளுக்குச் சேவியரைப் பற்றி யோசிக்க முடியவில்லை.

‘நைன்’ என்பது அவன் வந்த முதல் வாரமே கற்றுக்கொண்ட சொல். சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தான்.

“அது வெயில்தானே தம்பி. இதுக்கும் அதுக்கும் என்ன? சொன்னால் வீணா இழுபடும்,” என்றேன்.

“சரிக்கா. நீங்க சொன்னாச் சரி.”

வைத்தியர் கையெழுத்திட்டார். கேட்டதையும் சொன்னதையும் முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்ததாக ஒரு வரி இருந்தது. அதன் கீழே நானும் கையெழுத்திட்டேன். வெளியே வந்ததும் அருளப்பன் எனக்குக் காப்பி வாங்கித் தந்தான். “தேங்க்ஸ்க்கா,” என்றான். அந்தக் காப்பியை நான் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அதற்குப் பிறகு வந்த காலம் என் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான காலம். அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் பொய்யாகிவிடும். அவன் நன்றாக ஆடினான்! முதல் மாதம் பெஞ்சு, இரண்டாம் மாதம் பத்து நிமிடம், அடுத்த பருவத்தில் ஆட்டம் தொடங்கும் ஐவரில் ஒருவன். ஜெர்மன்காரர்கள் ‘அருள்! அருள்!’ என்று கத்தினார்கள். டுசல்டோர்ஃபிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வடைப்பெட்டியோடு வந்தன. வாசலில் சாப்பாட்டுப் பொருள் கொண்டுபோகக்கூடாது என்று தடுத்தபோது, அதையும் நான்தான் மொழிபெயர்த்து உள்ளே விட்டேன். அப்பாவும் அம்மாவும் இப்போது மூலையில் இல்லை, நடு வரிசையில் இருந்தார்கள். எப்போது கைதட்டவேண்டும் என்று அம்மா பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அவன் அம்மாவிடம் வேலையை விட்டதைச் சொல்லிவிட்டான். அழுதாராம். பிறகு அவன் படம் போட்ட சுவரொட்டியை அனுப்பியதும் ஊரெல்லாம் காட்டினாராம்.

இரண்டாம் பருவம் முடிகிற சமயத்தில் ஒருநாள் அவன் என் அறைக்கு வந்தான். கதவில் தலை இடிக்காமல் குனிந்து வந்து கதிரையில் உட்கார்ந்தான்.

“படி ஏறுனா ஒரு மாதிரி இருக்குக்கா. நெஞ்சுல பட்டாம்பூச்சி மாதிரி.”

“குளிராக்கும் தம்பி. இஞ்ச வாற எல்லாருக்கும் வாறதுதான். வெயில் காணாது,” என்றேன். மேசை லாச்சியிலிருந்து விட்டமின் டி மாத்திரைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணனுக்கு வெயில் கூடிப்போய்விட்டது என்றேன். தம்பிக்கு வெயில் போதவில்லை என்றேன். இரண்டு தடவையும் அவன் என்னை நம்பினான்.

அவன் விழுந்தது மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில், அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பந்து அவன் கையில்கூட இல்லை. எங்கள் ஆள் ஒருவன் கூடையைத் தவறவிட்டான், எல்லோரும் தற்காப்புக்குத் திரும்பி ஓடினார்கள், அருளப்பனும் ஓடினான். நடுக்கோட்டைத் தாண்டியதும் மெதுவாக நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

வழுக்கிவிட்டான் என்று நினைத்து யாரோ சிரித்தார்கள். அவன் சாய்ந்தான்.

அணியின் உடற்சிகிச்சையாளர் சுவரிலிருந்த மின்னதிர்ச்சிக் கருவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். நான் ஓடவில்லை. கையில் ஏதோ பட்டியலை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். ‘உள்ளே வெயில் இல்லையே... உள்ளே வெயில் இல்லையே...’ என்று என் மனம் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த அரங்கில் குளிருக்கு எல்லோரும் ஜாக்கெட்டோடு இருந்தார்கள்.

இரண்டாவது அதிர்ச்சியில் இதயம் திரும்பி வந்தது. உயிர் பிழைத்தான். நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்துத் தைத்தார்கள். இதயத் தசை தடிக்கும் நோய், பரம்பரையாக வருவது, அண்ணனுக்கும் இதுவேதான் இருந்திருக்கும் என்றார்கள். வாழலாம், நடக்கலாம். போட்டிகளில் ஆட முடியாது. இனி ஒருபோதும்!

இதோடு முடிந்திருந்தால்கூட நான் இதை எழுதியிருப்பேனா தெரியாது. ஒரு சொல், ஒரு விநாடி, ஒரு பழக்கதோஷம் என்று எப்படியோ சமாளித்திருப்பேன். ஆனால் எனக்கு இரண்டாவது தடவையும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து வைத்தியசாலை அறைக்குக் காப்புறுதி நிறுவனத்தின் வைத்தியர் ஒருவர் வந்தார். கண்ணாடி போட்ட, பொறுமையான பெண். மொழிபெயர்க்க யார்? நான்தான்! முதல் பரிசோதனையின் படிவத்தை எடுத்து வைத்தார். குடும்பத்தில் இளவயது மரணம்: இல்லை. கீழே என் கையெழுத்து.

“அண்ணன் இறந்தது வைத்தியசாலைக் கோப்பில் இருக்கிறது. அதை அன்று அவர் சொன்னாரா, சொல்லவில்லையா? அவரிடம் கேளுங்கள்,” என்றார்.

கேட்டேன்.

அருளப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தான். அங்கேயும் கால்கள் வெளியேதான் நின்றன. படிவத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“நான் சொல்லலைன்னு சொல்லுங்கக்கா.”

“தம்பி... அப்பிடிச் சொன்னால் நீர் மறைச்சதெண்டு எழுதுவினம். ஒண்டும் தரமாட்டினம். ஒப்பந்தமும் போயிடும்.”

“தெரியுதுக்கா. எனக்கு ஆட்டம் எப்படியும் போச்சு. உங்களுக்கு எதுக்குப் போகணும்? நல்லதுக்குத்தானே அன்னைக்கு சொன்னீங்க. சொல்லுங்க.”

வேண்டாம் என்று நான் ஒரு தடவை தலையாட்டினேன். ஒரே ஒரு தடவை. அவன் வைத்தியரைப் பார்த்து, தானே சொன்னான்: “இஷ்... நிஷ்ட்...” ‘நான்... இல்லை...’ மேற்கொண்டு வரவில்லை. அவனிடம் அந்த மொழி அவ்வளவுதான் இருந்தது. மிச்சத்துக்காக என் முகத்தைப் பார்த்தான்.

நான் வைத்தியரின் பக்கம் திரும்பினேன். அண்ணனைப் பற்றி அன்று தான் எதுவும் சொல்லவில்லை என்று இவர் கூறுகிறார், என்றேன்.

அவன் சொன்னது அதுதான். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்த வாக்கியம் அது ஒன்றாகத்தான் இருக்கும்! படிவத்தில் அதே வரி இருந்தது. அதன் கீழே கையெழுத்திட்டேன். வைத்தியர் எனக்கு நன்றி சொன்னார்.

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தன. அண்ணனின் மரணத்தை மறைத்ததால் இழப்பீடு கிடையாது என்று கடிதம் வந்தது. அதே காரணத்தைக் காட்டிக் கழகம் ஒப்பந்தத்தை முறித்தது. அந்தக் கடிதத்தையும் அவனுக்குத் தமிழில் படித்துக்காட்டியவள் நான். ஒப்பந்தம் இல்லையென்றால் வதிவிட அனுமதி இல்லை. ஊரில் வங்கி வேலை இல்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி போட்டார்கள்: நோயை மறைத்த வீரர் நாடு திரும்புகிறார்.

அந்த வாரம் தமிழ்க் கடைக்குப் போனேன். முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே கடைக்கார அண்ணை சொன்னார்: “பாத்தியளே தங்கச்சி, அந்த இந்தியாப் பொடியன் செய்த வேலையை? நெஞ்சில நோய் வருத்தத்தை வச்சுக்கொண்டு, பொய் சொல்லி விளையாடியிருக்கிறான். இனி எங்கட பிள்ளையளையும் நம்பமாட்டாங்கள். நீங்கள் எவ்வளவு பாடுபட்டனீங்கள் அவனுக்கு!”

“ஓம் அண்ணை,” என்றேன்.

கேட்டீர்களா? அங்கே வைத்தியர் இல்லை, படிவம் இல்லை, வெள்ளிக்கிழமை இல்லை. முருங்கைக்காய் மட்டும்தான் இருந்தது. அங்கேயும் ‘ஓம்’ என்றேன்! காசைக் கொடுத்துவிட்டு வந்து, காரில் உட்கார்ந்து அழுதேன். அழுதது அவனுக்காகவா, என்னை அவர் ‘பாடுபட்டவள்’ என்று சொன்னதற்காகவா... எனக்குத் தெரியவில்லை.

டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் அவனை விட்டுவந்தேன். நெஞ்சில் கருவி இருப்பதாகப் பாதுகாப்பு வாயிலில் காட்ட ஓர் அட்டை எழுதிக் கொடுத்தேன். குனிந்து என்னைக் கட்டிக்கொண்டான். “யாரு கேட்டாலும் நான்தான் சொல்லலைன்னு இருக்கட்டும்க்கா,” என்றான். அவனுடைய தாய்க்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். மகன் பொய் சொல்லித் தன் வேலையையும் உடம்பையும் கெடுத்துக்கொண்டான் என்று அந்தத் தாய் இன்றும் அவனைத் திட்டுவதாக அவனே சொல்வான். சிரித்துக்கொண்டே சொல்வான்.

இப்போது ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நாள்கூலிக்குப் பயிற்சி கொடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் குரல்பதிவு அனுப்புகிறான். “அக்கா, டீம் எப்படி இருக்கு? புது சென்டர் யாரு? ரீபவுண்ட் எடுக்கிறானா?” நான் பதில் அனுப்புகிறேன். அவனுடைய சட்டையின் இலக்கத்தை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டதை மட்டும் சொல்வதில்லை. பாருங்கள், இன்னும் நான் குறைத்துத்தான் சொல்கிறேன்.

அவனாகக் கேட்டான், அவனாகத் தந்தான், அவனுடைய விருப்பத்தை நான் மதித்தேன்... இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்ட நாட்கள் உண்டு. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அவன் வேறு ஏதாவது சொல்லியிருந்தால், ‘அன்றைக்கே சொன்னேன், இவர்தான் மறைத்தார்’ என்று சொல்லியிருந்தால், அதையும் ஒரு சொல் குறையாமல் நான் மொழிபெயர்த்திருப்பேனா?

உங்களுக்குப் பதில் தெரியும். எனக்கும் தெரியும்.

இப்போது கடைசியாக ஒன்று. இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? மனப்பாரம் இறங்கும் என்றா? இறங்கவில்லை. எழுத எழுத ஒன்று மட்டும் விளங்குகிறது. காப்புறுதி நிறுவனத்துக்குத் தமிழ் தெரியாது. கழகத்தில் என்னைத் தவிர எவருக்கும் தமிழ் தெரியாது. அன்று என்னை நம்பிக் கையெழுத்திட்ட வைத்தியருக்கும் தெரியாது. எனக்கு ஜெர்மன் மொழி தாய்மொழி அளவுக்கு வரும். என் கனவுகள்கூட அந்த மொழியில்தான் வருகின்றன. இருந்தும் இந்த வாக்குமூலத்தை எழுத நான் தமிழைத்தான் எடுத்தேன்.

ஜெர்மனில் இதற்கு ஒரு வாக்கியம் போதும்: அவர் சொன்னார், நான் மறைத்தேன். அந்த வாக்கியம் போய்ச்சேர்ந்தால் அவனுடைய கோப்பை அவர்கள் திரும்பத் திறக்கவேண்டிவரும்.

யாராவது இதை அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்தான்.